அண்டை வீட்டுச் சமயமும் நம் பாடநூலும்

வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை, மேடவாக்கம், சேலையூர் வழியாகத் தாம்பரம் செல்லும் சாலையின் முடிவில் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்றுண்டு. அது சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1837இல் ஸ்காத்லாந்து நாட்டு மிஷனரிமார் நகரத்தினுள் தொடங்கிய பள்ளியின் வளர்ச்சியே அக்கல்லூரி. நூறாண்டு நிறைந்த 1937இல் இக்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு மறு ஆண்டு, 1938 டிசம்பரில், உலகின் பல நாடுகளிலிருந்தும் நானூற்றுக்கு மேற்பட்ட கிறித்துவப் பெரியார்கள் அங்கே கூடினர். சர்வதேச மிஷனரி மாமன்றத்தின் மாநாடு அது. அவர்கள் முன்னிருந்த வினாக்களுள் தலையாயது, பிறர் சமயத்தை ஒரு கிறித்துவர் எங்ஙனம் நோக்குவது என்பது. அவ்வினா அவர்களுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிக்கரணையில் குடியிருந்து, மூன்று சமயத்துப் பிள்ளைகளுக்கும் மாலை நேரத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் எனக்கும் அது அன்றாட வினா. நம் இல்லத்துப் பெற்றோர்க்கும் அங்ஙனமே.

அம்மாநாட்டுக்கென்றே ஒரு நூல் எழுதுவிக்கப்பட்டது. எழுதியவர் ஹென்ட்ரிக் கிரேமர் என்னும் டச்சு அறிஞர். இவரை ஒன்றும் அறியாதவர் என்று தள்ளிவிட இயலாது. சாவக நாட்டு முஸ்லிம்களின் பதினாறாம் நூற்றாண்டு ஞானச் சுவடி ஒன்றை ஆராய்ந்து லைடன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்; இந்தோனேசியத் தீவுகளில் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். நம்மவருள் பலரைக் காட்டிலும் நம் கிதாபுகளை நுணுகிப் படித்தவர் என்றே சொல்லலாம். அத்தகையவர் தம் நூலில் இஸ்லாத்தைப் பற்றிக் கண்ட முடிவு யாது? அதன் உள்ளடக்கத்தை நோக்க அது ஆழமற்றதொரு சமயம் என்பது. ஆழமற்ற ஒன்று தன்னைப் பின்பற்றுவோரை இத்துணை உறுதியாகப் பற்றி நிற்பது எவ்வாறு என்று அவரே வியக்கவும் செய்கிறார். வியந்த இடத்தில் நின்று, தாம் அளந்த கோலைச் சற்றுத் திருப்பிப் பார்த்திருக்கலாம். அவர் அது செய்யவில்லை.

அவரை மறுத்துரைத்தவர்களுள் ஒருவர் அக்கல்லூரியிலேயே ஆசிரியராயிருந்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். 1903இல் சென்னைக்கு வந்து தத்துவம் போதித்தவர். 1928 முதல் 1938 வரை முதல்வர். கல்லூரி தாம்பரத்துக்கு வந்ததும் அவர் காலத்திலேதான். அவருடைய மறுப்பின் சாரம் இது: ஒரு சமயத்தின் கோட்பாடுகள் வேறு, அச்சமயத்தவன் நெஞ்சில் இறைவன்பால் கொண்ட பற்றுறுதி வேறு. முன்னதை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். பின்னதைக் கண்டால் தலைதாழ்த்த வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுக் காலம் இந்து மாணவர் நிறைந்த வகுப்பில் நின்றவருக்குக் கிட்டிய தெளிவு இது, நூலகத்தில் கிட்டக்கூடியதன்று.

ஹாக்கின் மாணவர்களுள் ஒருவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். மிஷனரி ஆசிரியர்கள் இந்து சமயத்தின்மேல் தொடுத்த கண்டனங்கள் தம்மை நிலைகுலையச் செய்தன என்றும், அதனாலேயே தம் சமயத்தைத் துருவி ஆராயப் புகுந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். 1908இல் எம்.ஏ. பட்டத்துக்காக அவ்விளைஞர் எழுதியளித்த ஆய்வுரை, வேதாந்தத்துக்கு அறவொழுக்கத்தில் இடமில்லை என்னும் கண்டனத்துக்கு விடையாக அமைந்தது. அதைப் படித்துப் பாராட்டிச் சான்றுரைத்தவர் ஹாக். தாம் நம்பாத கொள்கையை, அதை நம்பும் மாணவன் திறம்பட நிறுவியபோது மகிழ்ந்த ஆசிரியர் அவர். இத்தகைய உஸ்தாதுமார் எந்தச் சமயத்திலும் அரியர்.

ஆயின் இராதாகிருஷ்ணனையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1926இல் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்தி, மறு ஆண்டு நூலாக வந்த சொற்பொழிவுகளில் அவர் வழிபடுவோரைப் படிவரிசையாக நிறுத்துகிறார். நிர்க்குணப் பரம்பொருளை உணர்வோர் முதற்படி. குணங்களுடைய ஓர் இறைவனை வணங்குவோர் இரண்டாம் படி. அவதாரங்களை வணங்குவோர் அதற்கும் கீழ். இவ்வாறே இறங்கிச் செல்லும். எல்லாச் சமயமும் ஒன்றே என்று மேடையில் கேட்கும்போது நம்மவர் கைதட்டுகின்றனர். அந்த ஒன்றில் தமக்கு ஒதுக்கப்பட்ட படி எது என்று யாரும் வினவுவதில்லை. அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்று நாள்தோறும் ஐவேளையும் தொழும் முஸ்லிம், தான் இரண்டாம் படியில் நிற்பதாக ஒருபோதும் ஒப்பமாட்டான். கிரேமர் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னார். இவர் இனிமையாகச் சொன்னார். இருவரும் அமர்ந்தது நீதிபதியின் நாற்காலியில்தான். என் குறை அந்த நாற்காலியைப் பற்றியது.

இனி நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பிறரை மட்டும் விமரிசித்துவிட்டு எழுந்து போவது நேர்மையாகாது.

மதரஸாவில் ஓதியோர் ‘ஷரஹுல் அகாயித்’ என்னும் கிதாபை அறிவர். இமாம் நஸஃபீ (ரஹ்) அவர்களின் மூலத்துக்கு, ஹிஜிரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்லாமா தஃப்தாஸானீ (ரஹ்) அவர்கள் வரைந்த விரிவுரை அது. தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்துவருவது. அறிவு எவ்வெவ் வழிகளால் பிறக்கும் என்று ஆராயும் முற்பகுதியில், ‘முதவாத்திர்’, அதாவது பொய்யில் ஒன்றுகூட இயலாத அளவுக்குப் பெருந்தொகையினர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி, உறுதியான அறிவைத் தரும் என்று நிறுவப்படுகிறது. அதை மறுப்போராக இரு கூட்டத்தார் குறிக்கப்படுகின்றனர். அவருள் ஒரு கூட்டத்தார் ‘பராஹிமா’. கலாம் நூல்கள் பிறவற்றிலும் இவர்கள் வருவர். மனித அறிவே போதும், நபிமார் வேண்டியதில்லை என்று வாதிடுவோராக அங்கே நிறுத்தப்படுவர்.

பராஹிமா என்பவர் யார்? பிராமணர். நம் பக்கத்துத் தெருவில் இருப்பவர்.

மாணவப் பருவத்தில் இவ்வரியை நான் மனனம் செய்தேன். எவருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். வேதத்தை ஏட்டில் எழுதாமல், தந்தை வாயிலிருந்து மகன் செவிக்கும், ஆசான் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்குமாக, ஓசை பிறழாமல் நெடுங்காலம் காத்துவந்த கூட்டத்தாரை, அதற்குக் ‘கேட்கப்பட்டது’ என்னும் பொருளில் சுருதி என்றே பெயரிட்ட கூட்டத்தாரை, வழிவழிச் செய்தியை நம்பாதோர் என்று ஒரு நூல் சொல்லுமாயின், அந்நூல் எழுதப்பட்ட இடத்தில் ஒரு பிராமணரும் இருந்திலர் என்பதே அதன் பொருள். நம் ஹாபிழ்கள் குர்ஆனை நெஞ்சில் காப்பதை நன்கு விளங்கிக்கொள்ளக் கூடியவர் இந்நாட்டில் யாரேனும் உளர் என்றால், அவர் வேதபாடசாலையில் பயின்றவரே. அகீதாவின் வேறு நூறு இடங்களில் அவரும் நாமும் வேறுபடுவோம். வேறுபடாத ஓரிடத்தில் கொண்டுபோய் நம் பாடநூல் அவரை எதிரியாக நிறுத்தியிருக்கிறது.

தஃப்தாஸானீ (ரஹ்) அவர்களைக் குறைகூற நான் யார்? அவர்கள் குராசானில் பிறந்து, சமர்கந்தில் மறைந்தவர்கள். தமக்கு முந்தியோர் எழுதிவைத்ததை எடுத்தாண்டார்கள். அங்கே அது நூற்செய்தி. இங்கே நாம் அதை ஓதும்போது, அந்தப் பராஹிமா சன்னலுக்கு வெளியே நடந்துபோகிறார். ஒரு கணம் தலையைத் திருப்பிப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை என்பதே குறை. மறைந்துபோன முஃதஸிலாக் கூட்டத்தாரின் வாதங்களை ஒவ்வொன்றாக அடுக்கி மறுக்கத் தெரிந்த இளம் ஆலிமுக்கு, சைவசித்தாந்தம் கூறும் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள் இன்னதென்று தெரியாது. அவரோடு ஒரே தேநீர்க் கடையில் அமர்பவரின் சமயம் அது.

வேடிக்கை என்னவெனில், அடுத்த வீட்டாரின் பாடநூலிலும் இதே நிலைதான். சைவசித்தாந்த சாத்திரங்களுள் சிவஞான சித்தியார் தலையாயது; பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றியது. அதன் முற்பகுதியாகிய பரபக்கத்தில் பிற சமயத்தார் பதினால்வரின் கொள்கைகள் கூறப்பட்டு மறுக்கப்படுகின்றன. உலகாயதர், பௌத்தருள் நால்வகையார், சமணர், ஆசீவகர், மாயாவாதிகள், பாஞ்சராத்திரர் என வரிசை நீளும். அந்நூற்றாண்டில் காயல்பட்டினத் துறையில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. முஸ்லிம் வணிகர் பாண்டிய நாட்டில் குடியும் குடித்தனமுமாக வாழ்ந்தனர். பரபக்கத்தில் அவர்கள் இல்லை. நம் நூலில் அவர்கள் நிழலாக இருக்கின்றனர். அவர்கள் நூலில் நாம் நிழலாகக்கூட இல்லை. ஒரே கரையில் இத்தனை நூற்றாண்டு வாழ்ந்தும், இரு பாடசாலைகளும் ஒன்றையொன்று கேளாமலே ஓதிவந்திருக்கின்றன.

ஆனால் பரபக்கத்திடம் நாம் கற்க வேண்டிய ஒழுங்கு ஒன்றுண்டு. ஒவ்வொரு சமயத்தானும் முதலில் தன் கொள்கையைத் தானே எடுத்துரைக்கிறான். மறுப்பு அதன் பின்னரே. நம் முனாழராக் கலையும் இதையே விதிக்கிறது. இதனினும் பழைய தமிழ்ச் சான்று மணிமேகலையில் இருக்கிறது. வஞ்சிமாநகரில் மணிமேகலை சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று, நும் கொள்கை யாது என்று கேட்டறிகிறாள். அவள் ஆண் துறவியின் உருக்கொண்டு போகிறாள் என்பதும், முடிவில் எல்லாவற்றையும் ஒதுக்கிப் பௌத்தத்தையே தழுவுகிறாள் என்பதும் உண்மை. எனினும் வைதிகன் கொள்கையை வைதிகன் வாயாலும், நிகண்டவாதி கொள்கையை நிகண்டவாதி வாயாலும் கேட்டாளே, அது போதும்.

நம் முன்னோரிலும் இவ்வாறு கேட்டவர் இல்லாமல் இல்லை. அல்-பீரூனீ (ரஹ்) ஒருவர் போதும். கி.பி. 973இல் குவாரஸ்மில் பிறந்த அவர், 1030ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றிய பெருநூலை எழுதி முடித்தார். அதற்கு முன் இந்நாட்டாரைப் பற்றி நம் நூல்களில் இருந்தவை பெரும்பாலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை என்று அவர் வெளிப்படையாகவே குறைகூறுகிறார். வடமொழி கற்றார், பண்டிதர்களை அண்டினார், இந்திய வானநூலார் முன் தாம் முதலில் மாணாக்கனாகவே நின்றதாகச் சொல்கிறார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார். தம் நூல் வாதநூல் அன்று, இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடி வைக்கும் நூல் என்பதும் அவர் தெளிவுபடுத்திய செய்தி. இந்துப் பண்டிதரின் செருக்கைப் பற்றி அவர் கடுஞ்சொல் கூறாமலும் விடவில்லை. முகமன் பாடுவதற்காக அவர் எழுத வந்தவர் அல்லர். இத்தனையும் செய்த பின்னரும் அவர் முஸ்லிமாகவே வாழ்ந்து முஸ்லிமாகவே மறைந்தார். அவருடைய நூல் நம் மதரஸாக்களில் பாடமாகவில்லை. பராஹிமா பற்றிய வரி பாடமாயிற்று.

இவ்விடத்தில் ஒரு தமிழ்ப் பெரியாரைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. 1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ.வே. சாமிநாதையரை, அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் கண்டு, என்னென்ன படித்திருக்கிறீர் என்று வினவினார். ஐயர் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கினார். முதலியாருக்கு அவை நிறைவளிக்கவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். அது சமண காவியம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்ட ஐயரும் அதைப் படித்தவர் அல்லர். சைவ மடத்தின் நிழலில் வளர்ந்தவருக்கு அது கிட்டும் வாய்ப்பும் இல்லை. சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கியதனால்தான் பெரியபுராணமே பிறந்தது என்பது சைவர் வழங்கும் வரலாறு.

சிந்தாமணியைக் கையில் எடுத்த ஐயருக்குச் சொல் புரிந்தது, பொருள் புரியவில்லை. தமிழ்ப் புலமை போதவில்லை. சமணம் தெரிய வேண்டியிருந்தது. அவர் என் செய்தார்? ஊரிலே சமணர் வாழ்வதை விசாரித்தறிந்து, அவர்கள் வீட்டு வாயிலுக்குச் சென்றார். அன்று அவ்வீட்டில் தோரணமும் கோலமுமாக ஏதோ விழாக்கோலம். விசாரித்தால், சிந்தாமணிப் பாராயணம் அன்றுதான் நிறைவெய்தியதாம். புலவர் உலகம் அறியாதிருந்த நூல், ஒரு தெருவில், ஒரு வீட்டில், வழிபாட்டுக்குரியதாக ஓதப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது! சந்திரநாத செட்டியார் என்னும் சமண அன்பரிடமும் அவரைச் சார்ந்தோரிடமும் ஐயர் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். சைவர் சிலர் முகம் சுளித்தனர். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. பின்னர் மணிமேகலைக்காகப் பௌத்தம் கற்க வேண்டி வந்தது. அதற்குக் கல்லூரித் தோழர் ரங்காசாரியர் துணைநின்றார். 1898இல் அதுவும் வந்தது. ஐயர் இறுதிவரை தம் நெறியில் வழுவாத சைவ அந்தணர்.

அந்த நச்சினார்க்கினியரைப் பற்றியும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணர் ஏற்கவில்லையாம். மீண்டும் சமண நூல்களை அவர்களிடமே முறையாகப் பயின்று வந்து எழுதிய உரையைத்தான் ஒப்பினராம். வரலாறாயினும் கதையாயினும் ஆகுக. பிறர் சமயத்தைப் பற்றி எழுதுவோர்க்கும் பேசுவோர்க்கும் இதைவிடச் சிறந்த உரைகல்லை நான் கண்டதில்லை. நீ சொன்னது சரிதானா என்று தீர்ப்பவர், அச்சமயத்தைக் கைக்கொண்டவர். அவர் ‘ஆம், நாங்கள் இப்படித்தான் நம்புகிறோம்’ என்று சொன்ன பின்னரே உன் ஏற்பும் மறுப்பும் தொடங்கும். கிரேமரின் நூலைப் படித்து எந்த முஸ்லிம் ஆம் என்பான்? பராஹிமா வரியைப் படித்து எந்தப் பிராமணர் ஆம் என்பார்?

அருள்மறையின் ஹுஜுராத் அத்தியாயம், மனிதர் பல கூட்டத்தாராக ஆக்கப்பட்டதன் நோக்கத்தைச் சொல்லும்போது ‘தஆருஃப்’ என்னும் கருத்தை வைக்கிறது. ஸர்ஃபு ஓதியோர் இச்சொல்லின் அமைப்பை அறிவர். இது ‘தஃபாஉல்’ என்னும் வாய்பாட்டைச் சார்ந்தது. இருபாலும் நிகழும் வினையைக் குறிப்பது. ஒருவன் மற்றவனை அறிவது ‘மஃரிஃபத்’ ஆகலாம், ‘தஆருஃப்’ ஆகாது. நான் உன்னை அறிவதும் நீ என்னை அறிவதும் சேர்ந்தாலன்றி அச்சொல் நிறைவு பெறுவதில்லை. நம் தப்ஸீர் வகுப்புகளில் இவ்விலக்கணம் சொல்லப்படுகிறது. இலக்கணத்தோடு நின்றும் விடுகிறது.

பெற்றோரின் அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பொருளற்ற அச்சமன்று. மேலே சொன்ன கிறித்துவக் கல்லூரியின் தொடக்கத்திலேயே, 1841இல், அப்பள்ளி மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர், நகரம் கொந்தளித்தது, பிள்ளைகள் பலர் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டனர். கற்பிப்பவன் கண் மாணவனின் அறிவின்மேல் இல்லாமல் அவனுடைய மாற்றத்தின்மேல் இருக்குமாயின், அங்கே கல்வி வலையாகிவிடும். இது பிறருக்கு மட்டும் சொல்லும் அறிவுரையன்று. நம் இளைஞர் சிலர், மார்க்கம் என்றால் என்னவென்று கேட்க வரும் அயல் சமயத்துத் தோழனுக்கு விடை சொல்லுமுன் துண்டுப் பிரசுரத்தை நீட்டுகின்றனர். கேட்க வந்தவன் அடுத்த முறை வருவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு தாய் என்னிடம் வந்து, ‘ஹஜ்ரத், பிள்ளைக்குப் பாடத்தில் தேவாரம் மனப்பாடம் வைத்திருக்கிறார்கள். ஓதலாமா? ஈமானுக்குக் கேடு வருமா?’ என்று கண் கலங்கக் கேட்டார். இதை எள்ளி நகையாடுவோர் உளர். எனக்கு நகைப்பு வரவில்லை. பிள்ளையின் ஆகிரத்தைப் பற்றிக் கவலைப்படும் தாய் அவர். ‘நக்லுல் குஃப்ரி லைஸ பி குஃப்ர்’ என்பது நம் பெரியோர் வகுத்த விதி. மறுப்பவன் சொல்லை எடுத்துரைப்பது மறுப்பு ஆகாது. நாஸிஆத் அத்தியாயத்தில் ஃபிர்அவ்ன் தன்னையே இறைவன் என்று கூறிய சொல் வருகிறது. அதைத் தொழுகையில் நின்றுகொண்டு நாம் ஓதுகிறோம். ஓதுபவன் ஃபிர்அவ்ன் ஆகிவிடுகிறானா? பாடம் ஒப்பிப்பது வேறு, கலிமாச் சொல்வது வேறு என்று அவரிடம் விளக்கினேன். கூடவே, பிள்ளை அப்பாட்டின் பொருளை நன்றாகக் கேட்டு வரட்டும் என்றும் சொன்னேன். பொருள் தெரியாமல் ஒப்பிப்பதுதான் இரு வகையிலும் இழப்பு.

கடிகைமுத்துப் புலவரிடம் உமறு அவ்வாறுதான் கற்றார். எட்டயபுரத்து அவைப்புலவராகிய அவ்வாசானிடம் தமிழ் பயின்றிராவிடில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் சீறா பிறந்திராது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுக்கு உரை தேடி உமறு சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றபோது, அரசவைப் புலவருக்குரிய அவர் கோலத்தைக் கண்டு அவர்கள் முதலில் மறுத்தார்கள் என்பது நம்மவர் வழங்கும் செய்தி. கோலத்தைத் தாண்டி உள்ளத்தைக் காணச் சிறிது காலம் பிடித்தது. அரபு நாட்டுக்கு மழையும் ஆறும் வயலும் எங்கிருந்து வந்தன என்று சீறாவைக் குறைகூறும் திறனாய்வாளர் இன்றும் உளர். அவை கடிகைமுத்துவின் வகுப்பிலிருந்து வந்தன. வரலாற்றுச் செய்திகள் ஆலிம்களின் அவையிலிருந்து வந்தன. இரண்டு உஸ்தாதுகளுக்கும் உமறு துரோகம் செய்யவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற நாகூர் குலாம் காதிறு நாவலரும், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவே என்று சைவர் இடையே எழுந்த வழக்கில் வாதாடிய கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும், கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீலும் இவ்வழியில் வந்தவர்களே. இவர்களைப் பற்றித் தனித்தனியே எழுத இடமுண்டு.

இன்றைய பள்ளிகளில் நடப்பதையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். சமய நல்லிணக்க விழா என்று ஆண்டுக்கொரு நாள். ஒரு குழந்தைக்குத் தொப்பி, ஒன்றுக்கு விபூதி, ஒன்றுக்குச் சிலுவை. தாளில் மூன்று சின்னங்களை வரைந்து ஒட்டுவர். இத்தகைய விழா ஒன்றுக்கு என்னையும் அழைத்து, இஸ்லாத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள்; ஐந்தில் இரண்டு பொன்னாடைக்குப் போயிற்று. எங்கள் ஊர்ச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறியதிலிருந்து, பல நாட்டுப் பறவைகள் ஒரே நீரில் கூடுவதை உவமையாக்கிப் பேசுவதும் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. பறவைகள் ஒன்றையொன்று எதுவும் கேட்டறிவதில்லை என்பதைப் பேச்சாளர் கவனிப்பதில்லை.

அதைவிட என் மாலை வகுப்பில் நடந்த சிறு உரையாடல் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. சீறாப்புராணப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தோம். இந்துச் சிறுமி ஒருத்தி, ‘ஐயா, தீன் என்றால் தீனியா?’ என்று கேட்டாள். நம் பையன்கள் சிரித்தனர். சிரித்தவர்களையே பொருள் சொல்லச் சொன்னேன். ஒருவன் ‘மார்க்கம்’ என்றான். மார்க்கம் என்றால்? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அச்சிறுமிதான் சொன்னாள்: ‘வழி. எங்கள் வீட்டில் வள்ளலார் படத்தின் கீழே சன்மார்க்கம் என்று எழுதியிருக்கும்.’ இருவருக்கும் ஒரே சொல் என்று பிள்ளைகள் மகிழ்ந்தனர். நான் அங்கே நிறுத்திவிடவில்லை. வள்ளலார் கூறிய மார்க்கம் என்ன, நம் தீன் என்ன, எங்கே இரண்டும் பிரிகின்றன என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். காஃபிரூன் அத்தியாயத்தில் பிறர் நெறிக்கும் தீன் என்னும் இச்சொல்லே ஆளப்பட்டிருப்பதை அப்போதுதான் நம் பையன்கள் கவனித்தார்கள். அந்த அத்தியாயத்தை அவர்கள் அனைவரும் ஐந்து வயதிலேயே மனனம் செய்தவர்கள். ஒற்றுமையைக் கண்டு மகிழ ஒரு நிமிடம் போதும். வேற்றுமையை மரியாதையோடு கற்க ஒரு வாரமாயிற்று.

ஷரஹுல் அகாயிதில் அவ்வரி வரும் நாளன்று, பீரூனீயின் நூலிலிருந்து சில பக்கங்களையும் பரபக்கத்திலிருந்து சில செய்யுள்களையும் சேர்த்து ஓதிக்கொடுக்க நம் மதரஸாக்கள் முன்வருமாயின், அதற்குத் தனிக் கட்டடமும் வேண்டா, நிதியும் வேண்டா. பாடம் சொல்ல ஆள் வேண்டும். அதுவும் அருகிலேயே கிடைக்கிறது. எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், சிவதீக்கை பெற்றவர், சில மாதங்களாக வந்து மூத்த பிள்ளைகளுக்குச் சித்தியார் சொல்கிறார். கூலியாக அவர் கேட்டது, சீறாவின் நுபுவ்வத்துக் காண்டத்தை நான் அவருக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்பது. உமர் (ரலி) அவர்கள் ஈமான் கொண்ட படலத்தில் இப்போது நிற்கிறோம். ‘எங்களில் ஆசாரியன் இல்லாமல் தீக்கை இல்லை. உமருக்குத் தீக்கை தந்தவர் யார்?’ என்று கேட்டார். ஷஹாதத்துச் சொல்ல இடையில் ஒருவர் தேவையில்லை என்றேன். அவருக்கு அது போதவில்லை. ‘அப்படியானால் நபிகள் நாயகத்தின் முன்னிலைக்கு அவர் ஏன் நடந்து போக வேண்டும்?’ என்று மறுவினா தொடுத்துவிட்டு, மஃரிபு வேளை நெருங்கிவிட்டபடியால், மற்றவை அடுத்த வாரம் என்று எழுந்து சென்றார்.